குறியீடு ஒன்பது

திருப்பாலைக்குடி ஆரம்ப சுகாதார நிலையத்தில்
புறநோயாளிகள் சன்னலோரம்
எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
நொடி எண்ணும் கடிகாரம்,
பிழைகளை வகை பிரிக்க எட்டுக் குறியீடுகள்.
எட்டிலும் அடங்காதவைக்கு ஒன்பது: இதர.

போன வருடத்துச் சீட்டுகளை முதலில் எண்ணினேன்.
இருநூறில் நாற்பத்தொன்று வாசிக்க முடியாதவை.
டாக்டர் ஹிதாயாவின் பேனா
ஈர மணலில் நண்டு போல ஓடியிருந்தது.
இப்போது கணினிச் சீட்டு.
வாசிக்க முடியாதவை: பூஜ்யம்.
அறிக்கையின் முதல் வரி அன்றே தயார்.

மூன்றாம் நாள்
'மெட்' என்று தட்டியதும்
ஒன்றன்கீழ் ஒன்றாய் இரண்டு மாத்திரைகள் வந்து நின்றன.
ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று வயிற்றுக்கு.
மவுஸ் ஒரு வரி வழுக்கியது.
அத்தனை தெளிவான எழுத்தில் ஒரு தவறை
அதுவரை நான் பார்த்ததில்லை.

மருந்து கொடுக்கும் ரெஜினாள் சீட்டைப் பார்த்தாள்,
பாசி எடுக்கும் ஞானசௌந்தரியைப் பார்த்தாள்.
"வயித்தால போகுதா உனக்கு?"
"சுகருக்குல்லா வந்தேன்."
சீட்டு திரும்பிப் போனது.
குறியீடு மூன்று.

ஒரு மணி நேரத்தில் ஐம்பத்திரண்டு எச்சரிக்கைப் பெட்டிகள்.
ஒவ்வொன்றையும் மூட டாக்டருக்கு
சராசரியாக ஒன்றரை நொடி.
"இதுல எது நிசமான எச்சரிக்கைன்னு
அதையே கேட்டுச் சொல்லுங்க சார்" என்றார்
நிமிராமல்.
வெளியே இன்னும் எண்பது பேர்.

உப்புக் காற்றில் ஏழாம் எண் விசை செத்துவிட்டது.
ஆகவே இந்த ஊரில் யாருக்கும்
ஏழு நாள் மருந்து கிடையாது.
ஆறு. இல்லையென்றால் எட்டு.
அதற்கு எந்தக் குறியீடு என்று
மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டேன்.
யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

பிறகு அருளானந்து வந்தார்.
காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்
என்று அச்சாகியிருந்தது.
"ராத்திரி நடுக்கடல்ல
நான் என்னத்தச் சாப்பிட?"
ரெஜினாள் காதோரப் பேனாவை எடுத்து
அச்சு வரிக்குக் கீழே எழுதினாள்:
கஞ்சி குடிச்சிட்டு, படகு ஏறுமுன்ன ஒண்ணு.
ஏலம் முடிஞ்சு, சாப்புட்டு ஒண்ணு.

அச்சிட்ட சீட்டில் கையால் எழுதுவது
குறியீடு ஆறு. பிழை.
ஆறு என்று எழுதினேன்.
அடித்தேன்.
ஒன்பது என்று போட்டேன்.

சாயங்காலத்துக்குள் இதரவுக்கு விட்டிருந்த
இரண்டு வரியும் நிரம்பிவிட்டது.
தாளைத் திருப்பி
பின்பக்கம் எழுதத் தொடங்கினேன்.
எட்டிப் பார்த்த ரெஜினாள் கேட்டாள்,
"இது என்ன சார், யாருக்குப் புரியும்?"