ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்

வரவுத் தாளில் முழுப்பெயர் கேட்டிருந்தார்கள்.
பொ. சிவகடாட்சம் என்று எழுதினேன்.
'பொ' என்றால் என்னவென்று
வழிகாட்டி தினிதி கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

பொ என்றால் பொன்னையா. என் அப்பா.
தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர்.
இந்த நகரத்தின் மற்ற மொழியில்
அது எங்களைப் போன்றவர்கள் மேல் எறிகிற கல்.
கூட்டுத்தாபனத்தில் சம்பள நாளில்
என் பெயரை முழுதாகக் கூப்பிடும்போதெல்லாம்
வரிசை சிரித்தது.
அவர்கள் அப்பாவின் பெயருக்குச் சிரித்தார்கள்.
சரியான ஆளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது
எனக்கு மட்டும் தெரியும்.

காலை ஏழரை. கோட்டை மணிக்கூண்டடியில் பதினான்கு பேர்.
குடைகள், தண்ணீர்ப் போத்தல்கள்,
வானவில் ஊசி குத்திய ஒரு தொப்பி.
தினிதி சிங்களத்தில் சொல்ல பஸ்னா தமிழாக்கினாள்:
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்றில்
வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டம்,
இயற்கைக்கு மாறான...
நின்றாள். சொல் தேடினாள்.
"மாறான ஏதோ" என்றாள்.

தொண்ணூற்றைந்தில் திருத்தினார்களாம்.
எடுத்துவிடுவார்கள் என்று பார்த்தால்
விட்டுப்போன பெண்களையும் சேர்த்துவிட்டார்கள்.
கைகோத்து நின்ற இரண்டு பிள்ளைகள்
"அப்பாடா, சமத்துவம்" என்று சிரித்தார்கள்.

மூன்றாம் தரிப்பு, மாலுமிகள் தங்கிய விடுதி. இப்போது வங்கி.
நான்காவது, வெறும் படிக்கட்டு.
அதில் ஏறி நின்று
கறையான் தின்ற ஒரு வழக்குக் கோப்பைப் பற்றிச் சொன்னாள்.
இரண்டு பெயர்களில் ஒன்றுக்கு
கடைசி எழுத்து மட்டுந்தான் மிச்சமாம்.
"பிடிபட்டவர்களைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்."
பஸ்னா இதை இரண்டு தரம் சொன்னாள்.

நான் பிடிபடாதவன்.

கொம்பனித்தெரு. பெய்ரா வாவியின் நாற்றம் வந்ததும்
கால் தானாக மெதுவானது.
ஐந்து முடிந்துவிட்டது, ஆறுக்கு இன்னும் அரைக் கிலோமீற்றர்.
"இதிலே ஒன்றுமில்லை, நிழலோடு நடப்போம்" என்றாள் தினிதி.

இதிலே முப்பத்தெட்டு மாடி, முழுக்கக் கண்ணாடி.
முன்பு ஒரு படமாளிகை.
மேலே, தகரக் கதவுக்குப் பின்னால்
படம் ஓட்டியவன் துவான் ரசீன்.
கையில் கரிக்கோல் புகை, கழுத்தில் கொலோன்.
ஒரு ரீல் ஓடி முடிய பதினெட்டு நிமிடம்.
கதாநாயகி அழத் தொடங்கினால்
இன்னும் நான்கு.
எத்தனையோ படங்களில்
நடுப்பகுதியை நான் பார்த்ததே இல்லை.

எண்பத்து மூன்று யூலையில்
வாவிப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்தார்கள்.
அடையாள அட்டையை வாங்கி ஒருவன் உரக்க வாசித்தான்.
அப்பாவின் பெயர் வந்ததும்
இரும்புக் கம்பியோடு நின்றவர்கள்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்புக்குள்ளால் இறங்கி நடந்தேன்.
பின்சீற்றில் இருந்த குகதாசனுக்குச்
சிரிக்கத்தக்க பெயர் இல்லை.

தகரக் கதவைத் தட்டினேன்.
மூன்று நாள் படம் ஓடவில்லை.
ஆறிப்போன இயந்திரத்துக்குப் பக்கத்தில்
முதன்முதலாக ஓர் இரவு முழுக்க
இரண்டுபேரும் நித்திரை கொண்டோம்.
ரீல் மாற்ற யாரும் எழும்பவில்லை.
வெளியே புறக்கோட்டைப் பக்கம் வானம் சிவந்திருந்தது.
அதைச் சந்தோஷம் என்று சொல்ல
இன்றைக்கும் வாய் கூசுகிறது.

குனிந்தேன். செருப்புக்குள் கல் என்றேன்.
பஸ்னா திரும்பி வந்து குடை பிடித்தாள்.
"பெரிய கல்லா அங்கிள்?"
"இல்லை மகள், சின்னன்."
தட்டினேன். ஒன்றும் விழவில்லை.
அவள் அதைப் பார்த்தாள்.

முன்னால் தினிதி கையை உயர்த்தி
எல்லோரையும் எண்ணத் தொடங்கியிருந்தாள்.
பன்னிரண்டுதான் வந்திருக்கும்.
நாங்கள் இருவரும் இன்னும் கொஞ்ச நேரம்
ஒன்றுமில்லாத இடத்தில் நின்றோம்.