சாலைக்கோடு

கட்டணம் கட்டிய மறுநாள்
மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது வரைபடம்.
சிலேத்தார் ஹில்ஸில் மாமனார் வாங்கிய வீடு
மேலிருந்து பார்க்க வெறும் செவ்வகம்.
அதன் தென்மேற்கு மூலையை அரிந்துகொண்டு போனது
ஒரு சிவப்புக் கோடு.

கட்டடக்கலைஞர் ஹைருல் பென்சில் முனையால் காட்டினார்:
இந்தப் பக்கம் நீங்கள்,
அந்தப் பக்கம் வருங்காலச் சாலை.
எப்போது வரும் என்றேன்.
தேதி போடவில்லை என்றார்.

அன்றிரவு அளவுநாடாவோடு சமையலறைக்குள் போனேன்.
சுவரிலிருந்து இரண்டு மீட்டர் முப்பத்தொன்று.
கிரைண்டர் முழுக்கச் சாலையில்.
குளிர்சாதனப் பெட்டிக்குள் கோடு நுழைந்ததில்
முட்டை எங்களுடையது,
பால் போக்குவரத்து ஆணையத்துடையது.
"நான் எங்கே நிக்கிறேன்?" என்றாள் ரூபவதி,
கையில் கரண்டியோடு.
"பேருந்துத் தடத்தில்."
அவள் சிரிக்கவில்லை.

மேலே ஒரு மாடி எழுப்பத்தான் ஆசைப்பட்டோம்,
மகனுக்குக் கல்யாணம் கூடி வருகிறது.
இடித்துக் கட்டினால்
அந்தத் துண்டை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.
இடிக்காவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்;
கூரை அதன்பாட்டுக்கு ஒழுகலாம்.

பக்கத்து வீட்டு க்வெக்குக்கு இது பழைய செய்தி.
பத்தொன்பது வருஷமாய் அவர்
முன்சுவருக்குச் சாயம் பூசவில்லை.
ரோட்டுக்கு எவன் பெயின்ட் அடிப்பான் என்கிறார்.
ஆனாலும் அந்தச் சுவரோரம்தான்
பாண்டான் தொட்டிகளை வரிசையாய் வைத்திருக்கிறார்,
தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்.

வாங்க வந்த ஒருவர்
கோட்டைப் பார்த்து விலையைக் குறைத்தார்.
அடுத்த வாரம் வந்தவர்
அதே கோட்டைப் பார்த்துத்தான் கூட்டிக் கேட்டார்,
சாலை வந்தால் முகப்பு நிலமாம்.
இருவருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

இருபத்தாறு வருஷம் பேருந்து ஓட்டியவன் நான்.
அகலப்படுத்திய திருப்பங்களில்
சக்கரத்தை லேசாய் ஒடித்து,
வசதியாய்ப் போட்டிருக்கிறான் என்று
மெச்சியபடி போயிருக்கிறேன்.
ஒரு திருப்பத்திலும் எனக்குத்
தாளிக்கும் வாசனை வந்ததில்லை.

இன்று காலை.
பால் எடுக்கப் போன ரூபவதி
பாதியில் நின்றாள்.
வலப்பக்கம் பார்த்தாள்,
இடப்பக்கம்,
மறுபடி வலப்பக்கம்.
பிறகு கடந்தாள்.