மூன்றாம் புள்ளி

சதர்லாந்தில் ஜூலை. இரவு மைனஸ் ஒன்பது.
தொலைநோக்கியின் கூரை திறக்கும்போது
வேலியோரத்து ஆடுகள் தலைதூக்கும்,
பின் மறந்துவிடும்.
நான் வானம் பார்ப்பதில்லை.
கேமரா பார்த்த கோடுகளை
யாருடையது, யாருடையது என்று கேட்பதுதான் வேலை.

பழைய ராக்கெட்டின் மேலடுக்கு ஒன்று,
அதிலிருந்து என்றோ பிய்ந்த தகடு ஒன்று.
பாதை ஏறத்தாழ ஒன்று, வெளிச்சமும் ஏறத்தாழ.
இந்த ஏறத்தாழவுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

செவ்வாய் இரவு மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள் இரண்டும் கடந்துபோயின.
பார்க்காத ஒவ்வொரு மணிக்கும்
திரையில் நீள்வட்டம் பருக்கிறது,
இதற்குள் எங்கோ இருக்கும் என்று நானே வரைந்தது.
ஓடும் திசையில் நீளம், குறுக்கே ஒடுக்கம்:
அறியாமைக்கும் ஒரு சாடை உண்டு.

வியாழன்,
இரண்டுக்குக் காத்திருந்தவளிடம் மூன்று புள்ளிகள்.

விடிந்ததும் பக்கத்துப் பண்ணை மாரிஸ்கா
முழங்கால்வரை பனியில் நின்றிருந்தாள்.
குட்டிகள் கலந்துவிட்டன. காதில் இன்னும் வெட்டில்லை.
ஒவ்வொன்றாகத் தூக்கி ஒவ்வொரு தாயிடமும் விட்டாள்.
முகர்ந்து முட்டித் தள்ளினால் அதனுடையதல்ல.
தள்ளாமல் நின்றால்?
“பெரும்பாலும்” என்றாள்,
கையுறையில் மூக்கைத் துடைத்தபடி.

அறைக்குப் போய் அதையே செய்தேன்.
முதல் புள்ளி இரண்டு மடியிலும் வாய்வைத்தது.
ராக்கெட்டுக்கு நூற்றில் அறுபத்தொன்று, தகட்டுக்கு முப்பத்திரண்டு,
எஞ்சிய ஏழு
கண்ணாடியில் விழுந்த ஏதோ மினுக்கத்துக்கு.
இரண்டாம் புள்ளி அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டது.
மூன்றாவதை
இரண்டு பாதையும் ஒரே முட்டாக முட்டின.

பிரிட்டோரியாவிலிருந்து நெலேந்திரன்:
“ஆமா, இல்லையா, ஒண்ணைச் சொல்லு கோகி.”
படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
ஃபீனிக்ஸில் சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் என்னுடையது,
பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது,
ஓகாரம் மட்டும் தங்கியிருக்கிறது:
ராக்கெட்டோ, தகடோ.
அந்த ஓர் எழுத்துக்குக் கட்டம் இல்லை.
எண்களை எழுதி அனுப்பினேன்.
அவன் பதில் இன்னும் வரவில்லை.

மாரிஸ்காவின் அடுப்படியில் ஓர் அட்டைப்பெட்டி.
எந்தத் தாயும் ஏற்காத குட்டி அதற்குள்
பால்புட்டியின் காம்பைக் கடித்துத் துப்புகிறது.
மூன்றாம் புள்ளிக்குத் தற்காலிகமாய் ஓர் எண் கொடுத்தேன்.
சனிக்கிழமை அதிகாலை, நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பின்,
தென்மேற்கில் எழவேண்டும்,
என் வட்டம் சரியென்றால்.

டீசலுக்குச் சொல்லிவிட்டேன்.