எந்த மனுவுக்கும் இல்லாத படம்

திருவொற்றியூர் ஹைரோடு, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
கீழே கன்டெய்னர் லாரி பிரேக் போட்டால்
என் கேமரா ஒரு நூல் அசையும்.
லாரிக்கும் லாரிக்கும் நடுவில்தான்
நான் முகங்களை எடுப்பது.

லூர்தம்மாள் வந்தது செவ்வாய் மதியம்.
ஏலம் முடிந்து, குளித்து,
காதோரம் இன்னும் ஒரு செதில் மின்ன.
"பாஸ்போர்ட்டா, ஸ்டாம்ப் சைசா?"
"ரெண்டும் வோணா. பெர்சா."
"எதுக்கும்மா?"
"எதுக்கும் இல்ல."
ரசீதில் 'எதற்காக' என்றொரு கட்டம் உண்டு.
பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக
அதைக் காலியாக விட்டேன்.

அப்புறம் அவளே சொன்னாள்.
போன மாசம் தெருமுனையில்
தேசம்மாவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்களாம்.
ரேஷன் கார்டு படம், எட்டடிக்கு இழுத்தது.
"மூக்கு எங்க முடியுது, கன்னம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெர்ல.
முப்பது வருசம் என் பக்கத்துல குந்தி மீனு வித்தவ.
எவளோ ஒருத்தி செத்துட்டான்னு தாண்டிப் போய்ட்டேன்,
பேரு படிக்கத் தெரிஞ்சவங்க கூப்புடுற வரிக்கும்."

விளக்கைத் திருப்பினேன்.
தாடையை இறக்கச் சொன்னேன்.
கொஞ்சம் சிரிங்க என்றேன், எல்லோரிடமும் சொல்வதுதான்.
லாரி போனது. எடுத்தேன்.

அதன்பின் கை தன் வேலையைப் பார்த்தது.
கன்னத்தை மழுக்கி, நெற்றியை வெளுத்து,
கழுத்து மடிப்பை ஒரே வழியாக அழித்து.
கேட்டுச் செய்வதில்லை;
கேட்டால் சங்கடப்படுவார்கள் என்று
நானே வைத்துக்கொண்ட நாகரிகம்.

முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு.
"யார்மா இது?"

ஒவ்வொரு தட்டாகத் திரும்பிப் போனேன்.
கழுத்து மடிப்பு வந்தது.
"ம்."
நெற்றியில் சும்மாடு பதிந்த கோடு,
கோட்டுக்கு மேல் ஒரு நிறம், கீழே வெயிலின் நிறம்.
"ம்."
கிழிந்து தைத்த காதுமடல்.
"அடகுக் கடைக்கு நேரமாச்சுன்னு
நான் கயட்டறதுக்குள்ள அவரு இஸ்துட்டாரு. வரட்டும்."
நள்ளிரவு தாண்டியதும் எழுந்துகொள்ளும் கண்களின் கீழ்க் கருப்பு.
மோவாயில் ஒற்றை முடி.
"அத்தக்கூடவா எடுத்த நீ?"
புயலுக்குப் பின் படகு கரை தொடும்போது
தலை எண்ணுகிறவளைப்போல்
விரலை மடக்கிக்கொண்டே நின்றாள்.

திரும்ப இனி எதுவும் இல்லை.
அவளோ திரையை விடவில்லை.
"இந்தச் சிரிப்ப எடுத்துடு."
"அது நீங்க சிரிச்சதும்மா."
"நீ சொன்ன, சிரிச்சேன்."

அதற்கு விசை இல்லை.

மறுபடி உட்கார வைத்தேன்.
கையை எங்கே வைப்பது என்றாள். தெரியாது என்றேன்,
நிஜமாகவே தெரியவில்லை.
ஸ்டூலை ஒதுக்கித் தரையில் குந்தி,
முழங்காலில் முழங்கை ஊன்றி,
விலை படியாத வியாபாரியைப் பார்ப்பதுபோல் லென்ஸைப் பார்த்தாள்.
இறங்கி வருகிற பார்வை இல்லை அது.
நானும் மண்டியிட வேண்டியிருந்தது.
இரண்டு லாரிகள் போயின.
நடுவில் கிடைத்த அமைதியை வீணாக்கினேன்.
மூன்றாவது வந்து பிரேக் போடும்போது
என்னை அறியாமல் அழுத்திவிட்டேன்.

சேலை விளிம்பு ஒரு நூல் கலைந்திருக்கிறது.
இன்னொன்று எடுக்கட்டுமா?
"ரோடு கீதுல்ல, ஆடத்தான் செய்யும்.
இதையே போடு."

எங்கே மாட்டுவீர்கள் என்றேன்.
"மாட்ட மாட்டேன். பீரோவுல, பொடவைக்கு நடுவுல.
ஃப்ளெக்ஸ்காரன் வந்தா இத்தக் குடுன்னு மருமககிட்ட சொல்லிக்கீறேன்.
அதுவரிக்கும் நான் பாத்துக்கறேன்."

முந்நூறு சொன்னதில் அறுபது குறைத்தாள்.
படியிறங்கிப் போய்,
மாடியில் ரேட்டு ஜாஸ்தி என்று
ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஏலக் குரலில் சொன்னது
லாரிச் சத்தத்தை மீறி எனக்குக் கேட்டது.