கணக்கில் வராத சுமை

முதல் நாள் கூரையில் நின்றோம்.
சூரியத் தகடுகளுக்கு இடம் அளக்க வந்தவள் நான்.
துருப்பிடித்த கட்டில்கள், ஒரு சக்கரம் போன நாற்காலி,
மூடியில்லாத சின்டெக்ஸ் தொட்டி, எங்கும் புறா எச்சம்.
மேற்கே ஒரு தூங்குமூஞ்சி மரம்
மூன்று மணிக்கே நிழலை நீட்டிவிடுகிறது.
"வெட்டிடலாம் மேடம்" என்றார் ஒப்பந்தக்காரர்.
நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன்.
பன்னிரண்டு தகடுகள் குறையும்.
குறையட்டும்.

பெங்களூரின் தெற்குக் கோடியில்
முந்நூறு படுக்கை அரசு ஆஸ்பத்திரி.
அதன் கரண்ட் பில்
நாலு கையெழுத்து தாண்டி என் மேசைக்கு வந்தது.
ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கம் சொல்கிறது:
விளக்கு, விசிறி, குளிர்சாதனம், தண்ணீர் மோட்டார்.
அவ்வளவுதான் என் எல்லை.

பிரதான பலகையில் லாகரை மாட்டிவிட்டு
ஒரு வாரம் காத்திருந்தேன்.
பகலில் வரைபடம் ஊரைப் போலவே இருந்தது.
ஒன்பதரைக்கு எக்ஸ்ரேயும் லிஃப்ட்டும் ஏற,
மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சின்னப் பள்ளம்.
வார்டு விளக்குகளைக் கழித்தேன், ஐசியூவைக் கழித்தேன்.
இரவு இரண்டு மணிக்கு
நாலு கிலோவாட் மிச்சம்.
விடியும்வரை ஒரே உயரத்தில்
மூச்சு வாங்காத ஒரு கோடு.

கேபிள் போன வழியே போனேன்.
ரஹ்மத்துல்லா டார்ச் அடித்தார்,
எலெக்ட்ரீஷியன், ஓய்வுக்கு ஐந்து மாதம்.
வராந்தா முழுக்கப் பாய்கள்.
குல்பர்கா, சாமராஜநகர், எங்கள் தருமபுரியும்.
மருந்துப் பையைத் தலைக்கு வைத்து ஒருவர்
கண்ணை மூடாமல் கிடந்தார்.
கடந்து போனோம். அவர் அசையவில்லை.

சமையலறை தாண்டி, சிலிண்டர் கொட்டகை தாண்டி,
"அது நம்ம லிஸ்ட்ல இல்ல மேடம்" என்றார் ரஹ்மத்துல்லா.
பிணவறை.

கெம்பையா கதவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.
அது ஏற்கெனவே ஒரு விரல் திறந்துதான் இருந்தது.
ரப்பர் விளிம்பு கிழிந்து மூன்று வருஷமாம்.
பேண்டேஜ் துணியைத் திரித்து இடுக்கில் செருகி
வெளியே இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்.
"எழுதிக் கொடுத்தேன், யாருக்கு அவசரம்?"
எனக்குக் கன்னடம் பாதிதான் வரும்.
அந்தப் பாதியே போதும்.

உள்ளே, ஆறு பேருக்கான குளிரில் ஒன்பது பேர்.
கம்ப்ரஸர் இரைத்துக்கொண்டிருந்தது,
ஏப்ரல் மாதம் மொத்தத்தையும்
தான் ஒருத்தனே குளிர வைக்க வேண்டும் என்பதுபோல.

தெர்மல் கேமராவில் பார்த்தேன்.
கதவடியில் நீலம் கசிந்து
வாசல் கல்லில் பரவி
கெம்பையாவின் வெறுங்கால் வரை வந்திருந்தது.
அவர் ஆரஞ்சாக நின்றார்.

அறைக்குத் திரும்பி முந்தின நாள் எழுதியதைப் படித்தேன்.
"வராந்தாவில் அசைவுணரி விளக்குகள்."
ஐந்து நிமிடம் எதுவும் அசையாவிட்டால்
யாரும் இல்லை என்று அது முடிவு செய்யும்.
மருந்துப் பை மனிதர் நினைவுக்கு வந்தார்.
அந்தப் பத்தியை அடித்தேன்.
சேமிப்பில் நாலு சதவீதம் போயிற்று.

கீழே ஒரு வரி சேர்த்தேன்:
கதவு ரப்பர், இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்,
போட்ட பணம் திரும்பப் பத்து நாள்.
பதினோரு வருடத் தொழிலில்
எதுவும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் திரும்பியதில்லை.

மண்டல அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது.
"பிணவறை பணி எல்லைக்குள் வருமா?"
ஆறாம் பக்கத்தை நகலெடுத்து
மூன்றாவது சொல்லுக்கு அடிக்கோடிட்டு அனுப்பினேன்.
குளிர்சாதனம் என்றுதான் இருக்கிறது,
யாருக்கு என்று இல்லை.

கோப்பு இன்னும் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.
கூரைக்கு ஒரு தகடுகூட வரவில்லை.
லாகரைக் கழற்றப் போன அன்று
கடைசி மூன்று இரவுகளைத் திறந்து பார்த்தேன்.
நாலு கிலோவாட்டைக் காணோம்.
இருபது நிமிடம் ஓடி, கொஞ்சம் நின்று,
மறுபடி ஓடி, நின்று.

ரஹ்மத்துல்லாவின் சட்டைப் பையில்
எஸ்.பி. ரோடு கடை ரசீது ஒன்று எட்டிப் பார்த்தது.
நான் கேட்கவில்லை.
தட்டையாகக் கிடந்த கோடு
ஏறி
இறங்கி
ஏறிக்கொண்டிருந்தது.