நியம விலகல்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."
இந்த ஒரு கேள்விக்குப்
பதினேழு விடை எழுதி வைத்திருந்தேன்.
ஒன்பது தமிழில்.
எட்டு, இமேஷா திருத்தித் தந்த இங்கிலீஷில்.

கோணேசபுரி விடுதி, இரவு பன்னிரண்டு.
கட்டிலில் சம்மணமிட்டுத் தர்மிகா
மூன்று பேர் கொண்ட நேர்முகக் குழுவாக
ஒருத்தியே இருந்தாள்.
தலைவருக்கு ஒரு தடித்த குரல்,
பேராசிரியருக்கு ஓர் இருமல்,
மூன்றாமவர் பேசவே மாட்டார், பேனாவைத் தட்டுவார்.

"உங்கள் பலவீனம்?"
"அளவுக்கு மீறி உழைப்பது."
டக், டக், டக்.
"பொய். அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ."
நாங்கள் சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறை சுவரைக் குத்தியது.

உண்மையில் என் பெறுபேற்றுத் தாளில்
ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது.
இரண்டாம் வருடம், புள்ளிவிபரவியல்.
ஊதினாலும் பறக்காது.
அதற்குக் கீழே, அடுத்த வருடத் திகதியில், ஒரு சி.
ரிப்பீட் எழுதினால் அவ்வளவுதான்,
நூறு எடுத்தாலும் சிதான்.
அந்தச் சியை எப்படி எடுத்தேன் என்று எழுத
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பத்து மணிக்கு நேர்முகம்.
எட்டரைக்கே டவுன் பஸ் நிலையத்தில் இறங்கி
வாங்கில் கோப்பை வைத்துவிட்டு
ஹிஜாப் ஊசியைச் சரிசெய்த நேரம்
வந்தது ஒரு புள்ளிமான்.
திருகோணமலை மான்களுக்கு வெட்கம் கிடையாது.
வாழைப்பழத் தோல், லொத்தர் சீட்டு, கல்யாணக் கார்ட்
எல்லாம் அதற்கு ஒரே ருசி.
என் பதினேழு விடைகளையும் மூலையில் பிடித்து உருவி
என்னைப் பார்த்தபடியே
நிதானமாக மென்றது.
கச்சான்காரர் கேட்டார்,
"சேட்டிபிக்கட் இல்லைத்தானே, பிள்ளை?
அப்ப பரவாயில்லை."

குளிரூட்டிய அறை. மெய்யாகவே மூன்று பேர்.
ஜன்னலுக்கு வெளியே உள்துறைமுகம்,
ஒரு சீமெந்துக் கப்பல்.
என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நடுவில் இருந்த பெண்மணி தாளைத் திருப்பி
விரல் நுனியால் அந்த ஈயைத் தொட்டார்.
"இது?"

பதினேழில் ஒன்றும் இதற்கு இல்லை.
மானின் வயிற்றிலும் இல்லை.

"அந்த வருடம் விடுதி கிடைக்கவில்லை, மேடம்.
கிண்ணியாவிலிருந்து ஆறு நாற்பது பஸ்.
ஆறு நாற்பது என்பது பலகையில்.
சோதனையில் தவறிய பிறகு
அது வரும் நேரத்தைக்
கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறிக்கத் தொடங்கினேன்.
நாற்பத்தொன்பது நாள்.
இடை, ஆறு ஐம்பத்தொன்று.
நியம விலகல், எட்டு நிமிடம்.
வெள்ளிக்கிழமைகளை நீக்கினால் ஐந்து.
வெள்ளியில் டிரைவர் வேறு ஆள்,
பாலத்தடியில் மீன்கூடை ஏற்றுவார்."

தமிழில் தொடங்கி இங்கிலீஷில் வழுக்கி
'விலகல்' என்பதற்கு அந்த மொழியில் சொல் வராமல்
இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்,
இவ்வளவு தள்ளி, இவ்வளவு பிந்தி என்று.
சூத்திரத்தில் அந்த வர்க்கமூலம் ஏன் நிற்கிறது என்பது
எனக்கு வகுப்பில் விளங்கவில்லை,
பாலத்தில்தான் விளங்கியது என்றும் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாதோ?

மூன்றாமவர் பேனாவைத் தட்டவில்லை.
"எட்டு நிமிடமா?" என்றார்.
"எட்டு தசம் மூன்று."
ஏதோ எழுதினார்.
தலைகீழாக வாசிக்க எனக்குத் தெரியாது.

இரண்டு கிழமையில் அறிவிப்போம் என்றார்கள்.
இன்று பத்தொன்பதாம் நாள்.
குறித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாளை தர்மிகாவின் முறை.
இன்றிரவு நான்தான் குழு,
குரலும் இருமலும் பேனாவும்.
கட்டிலில் சம்மணமிட்டு அவள் தாளைப் புரட்டுகிறேன்.
முழுக்க ஏ. ஏ. ஏ பிளஸ்.
ஓர் ஈ மொய்க்காத தாள்.

இவளிடம் என்னத்தைக் கேட்பது?