எண்ணெய் துடைத்த தொப்பி

நம்மிடம் எம்டன் என்றால் ஆள்.
"அவன் பெரிய எம்டன்" என்போம்
எதற்கும் மசியாதவனை.
உண்மையில் அது ஊர்.
வட ஜெர்மனியில், எம்ஸ் ஆறு கடலைத் தொடும் இடத்தில்,
கார்கள் வரிசையாகக் கப்பலேறும் துறைமுகம்.
அங்கே வீப்கே ஒன்கென் என்று ஒருத்தி.
அவளை யாரும் எம்டன் என்று சொல்லமாட்டார்கள்.
ஐம்பத்தேழு வயது, வலது முழங்காலில் நீர்,
மாலுமிகள் மிஷனின் ஒரே ஊழியக்காரி.

கப்பல் வந்தால் ஏற வேண்டும்.
சிம் கார்டு, சாக்லேட், ஏழு மொழியில் சுவிசேஷம்,
சபைப் பெண்கள் பின்னிய கம்பளித் தொப்பிகள்.
கப்பல் புறப்படுமுன் இறங்கிவிட வேண்டும்.
விதைக்கிறவளுக்கு வயல் நின்ற இடத்தில் நிற்க வேண்டாமா?
இவள் வயல் பதினெட்டு மணி நேரத்தில்
கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடும்.
திரும்பி வருவதும் உண்டு,
பாதி ஆட்கள் மாறியிருப்பார்கள்.

பதினொரு வருடம்.
முளைத்ததா, பறவை தின்றதா, தகவல் இல்லை.
முதலில் தபால் அட்டைகள் வந்துகொண்டிருந்தன.
இப்போது மேலிடத்துக் கடிதம்:
ஜனவரி முதல் மானியம் பாதி.
பயனாளிகள் எண்ணிக்கையை அட்டவணையாக அனுப்பவும்.

போன ஞாயிற்றை அட்டவணையில் எப்படி எழுதுவது?
ஆறு நாற்காலி, ஒரு மெழுகுவர்த்தி,
ஒருவரும் வரவில்லை.
ஹீட்டரைப் பார்த்து ஜெபம் சொன்னாள்.
முடிவில் அது ஒருமுறை கடகடத்தது.
ஆமென் என்று எண்ணிக்கொள்ளலாமா?

செவ்வாய்க்கிழமை மெரிடா ஸ்டார்.
சாய்ந்தடிக்கும் மழை,
நாற்பத்தொரு படி, எல்லாம் வழுக்கல்.
மேலே நின்றவன் அடையாள அட்டையைத்
தலைகீழாகப் படித்துவிட்டு விட்டான்.
எஞ்சின் அறைக்குப் போகும் வழியில் பார்த்தாள்:
போன மாதம் கொடுத்த தொப்பி,
நீலமும் வெள்ளையும்,
டால்கே ஹார்ம்ஸ் கீல்வாதக் கையால் பத்து நாள் பின்னியது.
அதை வைத்து ஓர் ஆயிலர் வால்வு துடைத்துக்கொண்டிருந்தான்.
"நல்லா உறிஞ்சுது," என்று
கட்டைவிரலை உயர்த்தினான்.

வேனுக்குள் வந்து ஸ்டியரிங்கைக் குத்தினாள்.
ஹார்ன் அலறியது; காவலாளி திரும்பிப் பார்த்தான்.
பிறகு சத்தமாகவே சொன்னாள்,
பள்ளிக்கூட ஜெர்மனில் அல்ல, வீட்டுப் பேச்சில்:
"பேதுருவுக்கு வெறும் வலை ஒரே ராத்திரி.
எனக்குப் பதினொரு வருஷம்.
எங்கே போடணும்னு அவனுக்குச் சொன்னீரே,
எனக்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கமாட்டீர்?"
மழை பெய்தது.
அதுவும் அவளுக்கென்று பெய்யவில்லை.

அன்றிரவு ஜெபிக்கவில்லை.
அலமாரியைத் திறந்து
பழைய படுக்கை விரிப்பு நான்கை எடுத்தாள்.
ஒன்று கல்யாணத்துக்கு வந்தது.
ஓரத்தில் இரண்டு பேரின் முதலெழுத்து, பூவேலையாக;
அதில் ஓர் எழுத்து இப்போது ப்ரேமனில்
வேறொருத்தியோடு இருக்கிறது.
கத்தரிக்கோல் அங்கே கொஞ்சம் நின்றது.
பிறகு நிற்கவில்லை.
கிழித்தாள், சர் சர்ரென்று, நள்ளிரவு வரை.
ஜெபம் அதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.
அவளைக் கேட்டால்
"துணி கிழிச்சேன்" என்பாள்.

விடியுமுன் மறுபடி நாற்பத்தொரு படி.
முழங்கால் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னது.
ஒரு மூட்டை கந்தல்,
அதன் மேல் புதுத் தொப்பி.
"இது துடைக்க. இது தலைக்கு."
தொட்டுக் காட்டினாள்.
ஆயிலர் சிரித்தான். பெயர் சொன்னான்,
ஸ்வியாத், பாத்தூமிக்காரன்.
தொப்பியைப் போட்டுக்கொள்ளவில்லை,
சட்டைக்குள் செருகிக்கொண்டான்.
எதற்காக ஒதுக்கினான், தெரியாது.

பத்தரைக்குக் கப்பல் போய்விட்டது.
பயனாளிகள் என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதி, அடித்து,
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு
வால்வு என்று எழுதினாள்.
அதையும் அடித்தாள்.

மத்தியானம் இன்னொன்று வருகிறது,
லைபீரியக் கொடி.
படி எத்தனை என்று
ஏறினால்தான் தெரியும்.